கிண்டின அண்ணாச்சியும் கிண்டின துடுப்பும்

பையன் யார் வந்தான்?

தமிழ் வழியில் படித்து ஆங்கிலப் பாடத்தோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இந்த இடம் நினைவிருக்கும். ‘ஹூ’ என்றால் ‘யார்’ என்று முதலில் மனப்பாடம் செய்திருப்போம். பிறகு ஒரு நாள் பாடப்புத்தகத்தில் ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே’ என்று ஒரு தொடர் வரும். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் ‘பையன் யார் வந்தான் நேற்று’ என்று நிற்கும். கேள்வி போலத் தெரிகிறது, ஆனால் கேள்விக்குறி இல்லை. ஆசிரியர் ‘நேற்று வந்த பையன்’ என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த ‘யார்’ எங்கே போனது? கேட்க வாய் வரும், கேட்க மாட்டோம்.

நல்ல கேள்வி அது. மொழியியலில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சி நடக்கிற கேள்வியும் அதுதான். ஒருவரைப் பெயரால் சுட்டாமல் அவர் செய்ததை வைத்துச் சுட்டுகிற வழி உலகின் எல்லா மொழிகளுக்கும் தேவைப்படுகிறது. ‘நேற்று வந்த’, ‘வாசலில் நிற்கிற’, ‘கடன் வாங்கித் திருப்பித் தராத’ என்று செயலைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டும் இந்தப் பகுதியை இந்த அத்தியாயத்தில் அடைத்தொடர் என்போம். அது விளக்கும் பெயரை, அதாவது ‘பையன்’ என்பதை, தலைப்பெயர் என்போம். ஆங்கிலம் தலைப்பெயரை முதலில் வைத்து, ‘ஹூ’ என்று ஒரு கொக்கி போட்டு, அடைத்தொடரைப் பின்னால் மாட்டுகிறது. தமிழில் அடைத்தொடர் முன்னால் வருகிறது, கொக்கி கிடையாது. ‘வந்தான்’ என்ற வினை ‘வந்த’ என்று வால் அறுந்து நிற்கும், ஒரு பெயர் வந்து சேர்ந்தால்தான் முடியும். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரெச்சம் என்று பெயர். பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் பார்த்துவிட்டு மறந்துபோன சொல். அதற்குள் இருக்கும் பொறியைக் கொஞ்சம் பொறுமையாகத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு சட்டி அல்வா

திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதுவதால் உதாரணத்துக்கு அலைய வேண்டியதில்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து அடுப்பில் ஏற்றினால் அதற்குப் பிறகு கை ஓயக் கூடாது. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை ஒரே வாக்கியத்தில் வைப்போம்:

‘ராத்திரி கொட்டகையில் அண்ணாச்சி துடுப்பால் அல்வாவைக் கிண்டினார்.’

இந்த வாக்கியத்தில் ஐந்து பெயர்கள். கிண்டியவர், கிண்டப்பட்டது, கிண்ட உதவியது, கிண்டிய இடம், கிண்டிய நேரம். அவற்றில் மூன்றுக்கு ஓர் அடையாளம் ஒட்டியிருக்கிறது. துடுப்புக்கு ‘ஆல்’, கொட்டகைக்கு ‘இல்’, அல்வாவுக்கு ‘ஐ’. இப்போது ஒவ்வொரு பெயரையும் இழுத்துக் கடைசியில் வைத்துத் தலைப்பெயராக்கிப் பார்ப்போம்.

அல்வா கிண்டின அண்ணாச்சி.
அண்ணாச்சி கிண்டின அல்வா.
அண்ணாச்சி அல்வா கிண்டின துடுப்பு.
அண்ணாச்சி அல்வா கிண்டின கொட்டகை.
அண்ணாச்சி அல்வா கிண்டின ராத்திரி.

‘கிண்டின’ என்பது ஐந்திலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கடைசிக்குப் போன பெயரோ தன் அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. துடுப்பில் ‘ஆல்’ இல்லை, கொட்டகையில் ‘இல்’ இல்லை. அந்த நிகழ்ச்சிக்குள் துடுப்புக்கு என்ன வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே குறிப்பு மறைந்துவிட்டது. இருந்தும் துடுப்புதான் அல்வாவைக் கிண்டியது என்றோ, கொட்டகையைப் போட்டு யாரோ கிண்டினார்கள் என்றோ எவரும் புரிந்துகொள்வதில்லை.

இதே ஐந்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அண்ணாச்சிக்கு ‘ஹூ’. அல்வாவுக்கு ‘தட்’ அல்லது ‘விச்’. துடுப்புக்கு ‘வித் விச்’, இல்லையென்றால் கடைசியில் ஒரு ‘வித்’. கொட்டகைக்கு ‘வேர்’. ராத்திரிக்கு ‘வென்’. தலைப்பெயர் அந்த நிகழ்ச்சிக்குள் என்ன வேலை செய்தது என்பதை ஆங்கிலம் பேசுபவர் பெரும்பாலும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. ‘தி மேன் ஐ சா’ என்று கொக்கியே இல்லாமலும் அவர்கள் பேசுவார்கள், ஆனால் அப்போதும் ‘வித்’ போன்ற சொல்லை விட முடியாது. ஆக ‘ஹூ’ என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் ‘யார்’ என்ற பொருளே கிடையாது. அது ஒரு கைகாட்டி. ‘பின்னால் வரும் தொடரில் இந்த மனிதருக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்’ என்கிறது.

இந்தச் சங்கதி நம் இலக்கண ஆசிரியர்களுக்குத் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று வரையறுக்கிறார். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள். நம் ஐந்தோடு ‘அல்வா கிண்டின வேலை’ என்பதையும் சேர்த்தால் அவருடைய ஆறும் வந்துவிடுகின்றன. வடிவம் ஒன்றுதான், பொருள் உறவு ஆறு என்று கண்டு அவற்றைப் பட்டியலிட்டது கூர்மையான அறிவியல் வேலை. பள்ளிப் பாடத்தில் அதை நாம் போதிய மரியாதையோடு கற்பிக்கவில்லை என்பது என் வருத்தம்.

பேச்சுத்தமிழ் அந்த ஆறோடும் நிற்பதில்லை. ‘அல்வா கிண்டின வாசனை’ என்கிறோம். ‘அல்வா கிண்டின கைவலி’ என்கிறோம். ‘அல்வா கிண்டின கூலி’ என்று கேட்டு வாங்குகிறோம். வாசனை கிண்டவில்லை, கிண்டப்படவும் இல்லை. கிண்டியதால் எழுந்தது. கைவலி கிண்டியதால் வந்தது, கூலி கிண்டியதற்குக் கிடைத்தது. இவற்றைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ‘ஹூ’வோ ‘விச்’சோ உதவாது, வேறு வகை வாக்கியமே தேவைப்படும்.

கேட்பவர் செய்யும் வேலை

அடையாளம் மறைந்த பிறகும் நமக்கு எப்படிப் புரிகிறது?

முதல் உதவி, மறையாமல் தங்கிய பெயர்களிடமிருந்து வருகிறது. ‘நாய் கடிச்ச பையன்’, ‘நாயைக் கடிச்ச பையன்’ இரண்டையும் கேளுங்கள். முதல் தொடரில் ‘நாய்’ வெறுமனே நிற்கிறது. கடிப்பவர் இடம் நிரம்பிவிட்டது, கடிபட்டவர் இடம்தான் காலி என்று தெரிகிறது. இரண்டாவதில் ‘ஐ’ ஒட்டியவுடனேயே கடிபட்டது நாய் என்று முடிவாகிவிடுகிறது. ‘பையன்’ என்ற சொல் காதில் விழுவதற்கு முன்பே எந்த நாற்காலி காலி என்று கேட்பவர் கணக்கிட்டுவிடுகிறார்.

‘ஐ’யை விட்டுவிட்டால் கணக்கு தடுமாறும். ‘புலி கொன்ற யானை’ என்றால் புலியால் இறந்த யானையா, புலியை வீழ்த்திய யானையா? பழந்தமிழில் ‘ஐ’ மறைந்து வருவது வழக்கம் என்பதால் இரண்டுக்கும் இடம் உண்டு. இலக்கண உரைகள் இந்த வகைத் தொடரைப் பல நூற்றாண்டுகளாக உதாரணம் காட்டி வருகின்றன.

இரண்டாவது உதவி உலக அறிவு. அல்வா கிண்டுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஓர் ஆள், ஒரு சட்டி, ஒரு துடுப்பு, அடுப்பு, மணிக்கணக்கான நேரம், நெய் வாசனை, வலி, கூலி எல்லாம் அடங்கிய ஒரு காட்சி மனத்தில் விரிகிறது. தலைப்பெயர் வந்ததும் அதை அந்தக் காட்சியில் பொருத்தமான இடத்தில் வைத்துவிடுகிறோம். ஜப்பானிய மொழியிலும் அடைத்தொடர் முன்னால்தான் வரும், கொக்கி கிடையாது. யோஷிகோ மாட்சுமோட்டோ என்ற மொழியியலாளர் அந்த மொழியை ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தார். ‘தலை கூர்மையாகும் புத்தகம்’ என்பது போல அங்கே இயல்பாகச் சொல்கிறார்கள். படித்தால் மூளை கூர்மையாகும் புத்தகம் என்பது பொருள். ‘படித்தால்’ என்ற சொல் தொடரில் எங்கும் இல்லை, புத்தகம் என்றால் என்னவென்று தெரிந்த கேட்பவர் அதைத் தானே போட்டுக்கொள்கிறார். இலக்கணம் பாதி தூரம் வருகிறது, மீதியைக் கேட்பவரின் வாழ்க்கை அனுபவம் கடந்துவிடுகிறது.

இதை வைத்துத் தமிழ் தெளிவில்லாத மொழி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறான தீர்ப்பு. கேட்பவரிடம் ஏற்கெனவே இருப்பதை மறுபடி சொல்லாமல் விடுவது சிக்கனம், குறைபாடு அல்ல.

எட்டாத ஒரு படி

ஆனால் எந்தச் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘நான் நண்பரோடு பாபநாசம் போனேன்.’ இதில் நண்பரைத் தலைப்பெயராக்கினால் ‘நான் பாபநாசம் போன நண்பர்’ என்று வரும். எந்தத் தமிழ்க் காதும் இதை ஏற்காது. துடுப்பின் ‘ஆல்’ போனபோது நட்டமில்லை, கொட்டகையின் ‘இல்’ போனபோதும் நட்டமில்லை. ‘ஓடு’ போனால் மட்டும் தொடர் உடைந்துவிடுகிறது. ஆங்கிலம் ‘வித் ஹூம்’ என்று சொல்லி இதை எளிதாகக் கடந்துவிடும்.

1977இல் எட்வர்ட் கீனன், பெர்னார்ட் காம்ரி என்ற இருவர் ஏறத்தாழ 50 மொழிகளை ஒப்பிட்டு, தலைப்பெயராவதற்கு ஓர் ஏணி இருக்கிறது என்று காட்டினார்கள். செய்பவரைத் தலைப்பெயராக்குவது எல்லா மொழிக்கும் எளிது. அடுத்த படி செய்யப்படும் பொருள். அதற்கும் கீழே பெறுபவர், கருவி, இடம் போன்றவை. இன்னும் கீழே உடைமையாளர். ஒரு மொழி கீழ்ப்படியை எட்டினால் மேற்படிகளையும் எட்டும் என்பது அவர்கள் கண்ட பொதுப்போக்கு. தமிழ் இந்த ஏணியில் சற்று விசித்திரமாக ஏறுகிறது. ‘கால் ஒடிஞ்ச நாற்காலி’, ‘மாடு செத்த ஆள்’ என்று உடைமையாளரைக்கூடத் தொடுகிறோம். நாற்காலியின் கால், ஆளின் மாடு என்று காட்சியே சொல்லிவிடுகிறது. நடுவில் இருக்கும் ‘ஓடு’ என்ற படி மட்டும் எட்டவில்லை. கூடப் போனவரைக் காட்சியிலிருந்து ஊகிக்க வழியில்லை, ஏனென்றால் போவதற்குத் துணை கட்டாயமல்ல.

பேசுபவர்கள் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. ‘என்கூட பாபநாசம் வந்த நண்பர்’ என்று நிகழ்ச்சியையே திருப்பி வைத்துவிடுகிறோம். போனவன் நான், கூட வந்தவர் நண்பர் என்றிருந்ததை, வந்தவர் நண்பர் என்று மாற்றியதும் அவர் செய்பவராகிவிட்டார், ஏணியின் உச்சிப்படிக்கு ஏறிவிட்டார். இந்தத் திருப்பத்தை எவரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. பள்ளிக்குப் போகாத பாட்டியும் பிசகாமல் செய்வார்.

மழையிலிருந்து நெல் வரை

இனி ஒரு சோதனை. பொதிகையில் பெய்யும் மழை, பாபநாசம் அணை, பாசன வயல், நெல் என்று தாமிரபரணியின் 128 கிலோமீட்டர் ஓட்டத்தில் மேல்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

‘மழை நிரப்பிய அணை பாய்ச்சிய வயல் விளைவித்த நெல்.’

ஒரு மூச்சில் படித்தாலே புரிந்துவிடுகிறது. இதே அமைப்பை மாற்றாமல் ஆங்கிலத்தில் வைத்தால் ‘தி ரைஸ் தட் தி ஃபீல்ட் தட் தி டாம் தட் தி ரெயின் ஃபில்ட் வாட்டர்ட் க்ரூ’ என்று வரும். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் பாதியில் தொலைந்துபோவார்.

காரணம் நினைவுத்திறன். ஆங்கிலத் தொடரில் நெல், வயல், அணை, மழை என்று நான்கு பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எதற்கும் வினை இன்னும் வரவில்லை. எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்போது எது எதற்கு என்று தலைகீழ் வரிசையில் பொருத்த வேண்டும். தமிழில் ‘மழை நிரப்பிய அணை’ என்றதும் அந்தக் கணக்கு முடிந்தது. கையில் இருப்பது அணை ஒன்றுதான். ‘பாய்ச்சிய வயல்’ என்றதும் அணையையும் கீழே வைத்துவிடலாம். எந்த நேரத்திலும் மனம் ஒரு பொருளுக்கு மேல் சுமப்பதில்லை.

ஆங்கிலத்துக்கு இதில் தப்பிக்கும் வழி இருக்கிறது. நெல்லில் தொடங்காமல் மழையில் தொடங்கி, அணையை நிரப்பிய மழை, வயலுக்குப் பாய்ச்சிய அணை என்று ‘தட்’ போட்டு வலப்பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் அங்கும் எளிதுதான். ஒவ்வொரு மொழிக்கும் எந்தப் பக்கம் வளர்வது இயல்போ அந்தப் பக்கம் வளர்ந்தால் சுமை இல்லை.

தமிழுக்கும் தடுக்கி விழும் இடம் உண்டு. ‘அண்ணாச்சி தம்பி அத்தை சொன்ன கடையில வாங்கின துடுப்பால கிண்டின அல்வா’ என்று சொல்லிப் பாருங்கள். அண்ணாச்சி, தம்பி, அத்தை மூவரும் முன்னால் குவிந்துவிட்டார்கள். வினைகள் பின்னால் குவிந்துவிட்டன. ஆங்கிலத் தொடருக்கு நேர்ந்த அதே நெரிசல். நல்ல தமிழ் பேசுபவர் அனிச்சையாகவே இதைக் கலைத்து அடுக்குவார்: ‘அத்தை சொன்ன கடையில தம்பி வாங்கின துடுப்பால அண்ணாச்சி கிண்டின அல்வா.’ ஒரு சொல்கூட மாறவில்லை. ஒவ்வொரு ஆளும் தன் வினையின் அருகே போய் நின்றுகொண்டதும் நெரிசல் தீர்ந்தது. மொழிபெயர்ப்புச் செய்திகளில் நம்மைத் திணறடிக்கும் நீண்ட வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு திருத்தத்தால் சரியாகிவிடும்.

பெயருக்கும் அதன் வினைக்கும் உள்ள தூரம் மட்டும்தான் காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் தீரவில்லை. ஆங்கில வாசகர்கள் ‘ஆசிரியரை அடித்த பையன்’ வகைத் தொடரைவிட ‘ஆசிரியர் அடித்த பையன்’ வகைத் தொடரை மெதுவாகப் படிக்கிறார்கள். சீன மொழியில் அடைத்தொடர் நம்மைப் போல முன்னால் வருவதால் அங்கே நிலைமை தலைகீழாக இருக்கும் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த சோதனைகள் அதோடு முரண்பட்டன. ஜப்பானிய, கொரிய மொழிகளிலோ செய்பவரைத் தலைப்பெயராக்கும் தொடரே எளிதாக இருக்கிறது. தூரத்தோடு வேறு ஏதோவும் சேர்ந்து வேலை செய்கிறது.

இடையன்குடியில் ஒருவர் கவனித்தது

‘ஹூ’ இல்லாத மொழி என்ற விஷயம் உலக அறிவுத்துறையில் பெரிய பேச்சானது திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான். தாமிரபரணிப் பசுமையிலிருந்து தெற்கே, திசையன்விளைக்கு அருகே செம்மண் தேரிகளுக்கு நடுவில் இருக்கிற இடையன்குடிக்கு 1841இல் பாதிரியார் ராபர்ட் கால்டுவெல் வந்து சேர்ந்தார். அயர்லாந்தில் பிறந்தவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் படித்தவர். அவருக்கு முன்பே 1820களிலும் 1830களிலும் பாளையங்கோட்டையில் இருந்த பாதிரியார் ரேனியஸ், ஆங்கிலேயருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார். பைபிளைத் தமிழாக்கிய பாதிரிமார்கள் அனைவரும் பக்கத்துக்குப் பக்கம் மோதிய பிரச்சினை இது. கிரேக்க மூலத்திலும் ஆங்கிலத்திலும் கொக்கி போட்டுக் கோத்த நீண்ட தொடர்கள், தமிழிலோ கொக்கியே இல்லை. இத்தனைக்கும் ஆங்கிலத்தின் கொக்கியும் நிலையானதல்ல. 1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில பைபிளில், ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் தொடக்கத்தில் கடவுளுக்கே ‘விச்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’ என்று இன்று நாம் மனப்பாடம் செய்யும் விதி பிறகு கெட்டிப்பட்டது.

கால்டுவெல் இந்த இல்லாமையை மொழிபெயர்ப்பாளரின் தொல்லையாக மட்டும் பார்க்கவில்லை, தடயமாகப் பார்த்தார். சமஸ்கிருதத்தில் ‘ய’ என்று தொடங்கும் கொக்கிச் சொற்கள் இருக்கின்றன. இந்தியில் ‘ஜோ’ இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எதிலும் அது இல்லை. எல்லாவற்றிலும் ‘செய்த’ போன்ற எச்சம்தான். கோண்டி மட்டும் விலக்கு, அதுவும் இந்தியிடமிருந்து கடன் வாங்கியது என்று குறித்தார். 1856இல் வெளியான அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இந்த மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதற்கு அடுக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. ஒரு மொழியில் இல்லாத சொல்லும் அதன் பிறப்பைப் பற்றிச் சாட்சி சொல்லும் என்று அவர் கண்டது பெரிய விஷயம்.

அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் இன்று நமக்கு எச்சரிக்கை கூடியிருக்கிறது. துருக்கி, கொரியா, ஜப்பான் மொழிகளிலும் அடைத்தொடர் முன்னால் வருகிறது. அதனால் அவை தமிழின் உறவினர் ஆகிவிடாது. கால்டுவெல் அமைப்பு ஒற்றுமைகளை வைத்துத் திராவிட மொழிகளை மத்திய ஆசிய மொழிகளோடு உறவுபடுத்த முயன்றார், அந்தக் கருத்தை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. சிங்களம் இன்னொரு பாடம் கற்பிக்கிறது. பிறப்பால் அது இந்தியின் உறவு மொழி. ஆனால் ‘மம கியவபு பொத’ என்று சிங்களர் சொல்வது சொல்லுக்குச் சொல் ‘நான் படித்த புத்தகம்’தான். நூற்றாண்டுக்கணக்கில் தமிழோடு அருகருகே வாழ்ந்த மொழி, கொக்கியை விட்டுவிட்டு எச்சத்துக்கு மாறியிருக்கிறது. இரத்த உறவு இல்லாதவர்களும் நெடுநாள் ஒரே தெருவில் குடியிருந்தால் பேச்சு ஒத்துப்போகும். குடும்பத்தை நிறுவ வேர்ச்சொற்களும் ஒலி மாற்ற விதிகளும் வேண்டும், அவற்றையும் கால்டுவெல் நிறையவே திரட்டியிருந்தார் என்பதால்தான் அவருடைய முக்கிய முடிவு நிலைத்தது.

கொண்டவனும் கொண்டவரும்

செய்ததை வைத்து ஆளைச் சுட்டும் வழக்கம் தமிழில் எவ்வளவு ஆழமானது என்பதை அரசர்களின் பெயர்களில் பார்க்கலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். சங்ககாலத்தில் ஒரே பெயரில் பலர் இருந்ததால், எந்த வழுதி, எந்த வளவன் என்று பிரித்தறிய அவர்கள் செய்ததையோ இறந்த விதத்தையோ பெயரெச்சமாக முன்னால் மாட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன், ‘கொல்லங்கொண்ட’ என்ற அடைமொழியோடு அறியப்பட்டான்.

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் போகும் வழியில் கங்கைகொண்டான் என்று ஓர் ஊர். முதலாம் ராஜேந்திர சோழனுக்கு அமைந்த பட்டத்தின் வடிவம் அது. அங்கே தலைப்பெயரும் தேவைப்படவில்லை, ‘கொண்டான்’ என்ற வினையே பெயராகி ஆளாகிவிட்டது. இதற்கு வினையாலணையும் பெயர் என்று இலக்கணப் பெயர். ஆங்கிலம் ‘தி ஒன் ஹூ’ என்று தொடங்கிச் சொல்ல வேண்டிய முழு அடைத்தொடரை நாம் பேருந்துப் பலகையில் ஒரே சொல்லாக எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட அதிகம் அறிவிக்கிறது. ‘கிண்டின’ என்ற எச்சத்தில் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது தெரியாது. ‘ஹூ’விலும் தெரியாது. ஆனால் தலைப்பெயர் இல்லாமல் ஆளாக்கும்போது கிண்டுனவன், கிண்டுனவ, கிண்டுனவரு, கிண்டுனவுக என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மரியாதையை முடிவு செய்யாமல் அந்தச் சொல்லை உச்சரிக்கவே முடியாது. ‘தண்ணி பாய்ச்சுறவன்’ என்பதும் ‘தண்ணி பாய்ச்சுறவர்’ என்பதும் ஒரே வேலையைச் சொல்கின்றன, சொல்பவர் தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பது இரண்டிலும் வேறு. உழைப்பவர்களை அவர்கள் செய்யும் வேலையால் சுட்டும்போது நாம் எத்தனை முறை ‘அவன்’ போட்டிருக்கிறோம் என்பதை நம் பேச்சைக் கவனித்தாலே தெரியும். அந்தப் பழக்கத்தை மாற்ற இலக்கணம் தடையாக இல்லை, ‘அவர்’ பக்கத்திலேயே இருக்கிறது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆங்கிலம் அறிவிப்பதும் தமிழ் கேட்பவரிடம் விடுவதும் எங்கெங்கே என்று தெரிந்தால் அந்தப் பழைய பாடம் எளிதாகிவிடும். ‘பாளையங்கோட்டையில் இருக்கிற என் அண்ணன்’ என்றால் எனக்கு ஓர் அண்ணனா, பல அண்ணன்மாரா என்று தமிழ் சொல்லாது. ஆங்கிலம் எழுத்தில் ஒரு காற்புள்ளியால் அதை அறிவித்துவிடும். அங்கே பிள்ளைகள் காற்புள்ளியைத் தவறவிடுவது கவனக்குறைவால் அல்ல. தாய்மொழி அவர்களிடம் ஒருபோதும் கேட்காத கேள்வி அது.

ஆகவே ஆங்கில ஆசிரியர்கள் ‘ஹூ என்றால் யார்’ என்று தொடங்காமல், பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் பெயரெச்சத்தில் தொடங்கலாம். ‘அல்வா கிண்டின அண்ணாச்சி’ என்று எழுதச் சொல்லுங்கள். அண்ணாச்சியை முன்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிண்டின காட்சியில் இவருக்கு என்ன வேலை? செய்தவர் என்று பதில் வந்தால் ‘ஹூ’. அடுத்து துடுப்பைக் கொடுங்கள், கொட்டகையைக் கொடுங்கள், ராத்திரியைக் கொடுங்கள். அதே கேள்வி, வேறு வேறு கைகாட்டி. தமிழாசிரியர் பெயரெச்சம் நடத்துகிற அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியரும் இந்தப் பாடத்தை எடுத்தால், ஒரே பலகையை இருவரும் பயன்படுத்திக்கொள்ளலாம்.